வெள்ளம் புகுந்த வீட்டை உலர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம் புகுந்த வீடுகளில் தண்ணீரை எடுத்து, ஈரத்தை வற்ற வைத்துத் தரும் வேலையில் இருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

தண்ணி வடிஞ்சாச்சு. உடனே உள்ளே போய் வேலையை ஆரம்பிக்கலாமா?

முதலில் மின்சாரம். மெயின் சுவிட்சை உலர்ந்த இடத்தில் நின்று எட்ட முடிந்தால் மட்டும் அணையுங்கள். தண்ணீரில் கால் வைத்துத்தான் எட்ட வேண்டும் என்றால் தொடவே தொடாதீர்கள். மின் இணைப்பு தருபவர்களிடம் சொல்லி வெளியிலேயே துண்டிக்கச் செய்யுங்கள். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தட்டாமல் வெளியே வந்துவிடுங்கள். சீலிங் தொங்கிக்கொண்டிருந்தாலோ சுவரில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, கட்டடம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருங்கள்.

கரண்ட் இல்லையே என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ வைப்பவர்கள் உண்டு. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும். பெட்ரோல் பம்புசெட்டுக்கும் இதே விதிதான்.

நீங்க வந்ததும் நேரா பம்பு போட மாட்டீங்களா? சுத்திச் சுத்திப் பார்த்துக்கிட்டே இருக்கீங்களே?

எந்தத் தண்ணீர் என்று தெரியாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. இந்தத் தொழிலில் தண்ணீரை மூன்று வகையாகப் பிரிப்போம். குடிநீர்க் குழாய் உடைந்து வந்தது முதல் வகை, அதாவது சுத்தமான தண்ணீர். வாஷிங் மெஷின் கழிவுபோல ஓரளவு அழுக்கானது இரண்டாம் வகை. சாக்கடை கலந்தது, ஆறு ஏரி உடைத்து வந்தது, தெருவில் ஓடி உள்ளே வந்தது எல்லாம் மூன்றாம் வகை. வெள்ளம் என்றாலே மூன்றாம் வகைதான். பார்க்கத் தெளிவாக இருந்தாலும் சரி. எலிக்காய்ச்சல் கிருமி முதல் பூச்சிமருந்து வரை அதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால்தான் கம்பூட், கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு வருகிறோம்.

இன்னொன்று, வகை அப்படியே நிற்காது. முதல் வகைத் தண்ணீரும் இரண்டு மூன்று நாள் தேங்கி, மெத்தையிலும் கார்ப்பெட்டிலும் ஊறினால் இரண்டாம், மூன்றாம் வகைக்கு இறங்கிவிடும். எதைக் காப்பாற்றலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும் என்ற முடிவெல்லாம் இந்த வகையை வைத்துத்தான்.

பேஸ்மென்ட்ல ஆள் உயரத்துக்குத் தண்ணி நிக்குது. பெரிய பம்பாப் போட்டு ஒரே மூச்சுல இறைச்சுடலாம்ல?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். வெளியே மண் தண்ணீரைக் குடித்து ஊறிப்போய்ச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே நிற்கும் தண்ணீர் அந்தத் தள்ளுதலுக்கு எதிராக முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2 மீட்டர் உயரமும் 5 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சுவரில் தண்ணீர் மட்டுமே கொடுக்கும் விசை சுமார் 10 டன் எடைக்குச் சமம். மண்ணின் பாரம் தனி. உள்ளிருப்பதைத் திடீரென்று எடுத்துவிட்டால் சுவர் உள்நோக்கி விழலாம், தரை மேலே தூக்கிக்கொள்ளலாம்.

வெளியே தரைமேல் நிற்கும் தண்ணீர் வடிந்த பிறகுதான் தொடங்குவோம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறைப்போம். நிறுத்தியதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, ராத்திரி விட்டுப் பார்ப்போம். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மண்ணில் இன்னும் அழுத்தம் இருக்கிறது, அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். அப்படியே விட்டுவிட்டு மறுபடி ஒரு நாள் காத்திருப்போம். வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விடும்தான். என்ன செய்வது, சுவர் நிற்க வேண்டுமே.

பம்பு எடுத்த பிறகு கொஞ்சம்தான் மீதி. அது தானாக் காயாதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சதுர மீட்டர் அறையில் 5 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 100 லிட்டர். ஈர வேக்குவம் அதைக் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிவிடும். அதையே ஆவியாக்கி எடுக்க வேண்டும் என்றால் லிட்டருக்கு 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். மொத்தம் 70 யூனிட்டுக்குப் பக்கம். அந்த ஆவியும் வீட்டுக்குள்ளேயே சுற்றும், அதுவரை நனையாத மேல்சுவரிலும் துணிமணியிலும் போய் உட்காரும். அதனால் திரவமாக எடுக்கக்கூடிய கடைசிச் சொட்டு வரை திரவமாகவே எடுப்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம். கார்ப்பெட் என்றால் ஆள் ஏறி நின்று தன் எடையால் அழுத்தி உறிஞ்சும் கருவியே இருக்கிறது.

சேறு காயட்டும், அப்புறம் தட்டி எடுத்துக்கலாம்னு சொல்றாங்களே?

காய்ந்தால் கல்லாகிவிடும், துடைத்தால் தூசியாகப் பறக்கும். அந்தத் தூசியில் என்னவெல்லாம் இருக்கும் என்பதை இரண்டாவது பதிலில் சொல்லிவிட்டேன். ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் வாரி, சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, பிறகு கிருமிநாசினி. அதெல்லாம் முடிந்த பிறகுதான் உலர்த்தும் மெஷின்கள் உள்ளே வரும். கழுவாத வீட்டில் ஃபேனைப் போடுவது அழுக்கை அறை அறையாகப் பரப்புவதற்குச் சமம்.

தரையைத் தொட்டாக் காய்ஞ்சுதான் இருக்கு. இன்னும் எதுக்கு இவ்வளவு மெஷின்?

கைக்குத் தெரிவது மேல்தோல் மட்டும். செங்கல், சிமென்ட் பூச்சு, ஜிப்சம் போர்டு, மரம் எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியாக மேல்நோக்கி ஏறும். வெள்ளம் முழங்கால் வரை வந்தது என்றால் ஈரம் இடுப்பு வரை இருக்கலாம். கறை தெரியும் இடத்தோடு ஈரம் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். அலமாரிக்குப் பின்னால், சுவரின் அடியோரம் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்கு உள்ளே, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே என்று காற்றுப் புகாத இடங்களில்தான் அது முதலில் வரும். அங்கே யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

ஏர் மூவர்னு சொல்றது பெரிய ஃபேன்தானே? எங்க வீட்டு டேபிள் ஃபேன் போதாதா?

ஃபேன்தான், மறுக்கவில்லை. ஆனால் மனிதர்களுக்குக் காற்று வீசச் செய்த ஃபேன் இல்லை. ஈரமான சுவரை ஒட்டி ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருக்கும். ஈரத்தால் நிறைந்துபோய் அசையாமல் கிடக்கும். அது விலகினால்தான் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வரும். ஏர் மூவர் தரையோடு தரையாக இருந்து, சுவரைச் சாய்வாக உரசிக்கொண்டு வேகமாகக் காற்றைத் தள்ளும். அறையைச் சுற்றி ஒன்றின் காற்று அடுத்ததைப் போய்ச் சேரும்படி எல்லாவற்றையும் ஒரே திசையில் வைப்போம்.

வேறு வழியில்லை என்றால் வீட்டு ஃபேன் ஒன்றும் இல்லாததற்கு மேல். ஆனால் காற்றை ஓட்டுவது பாதி வேலைதான். சுவரிலிருந்து கிளம்பிய ஈரத்தை யாராவது வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். அது அடுத்த கேள்வி.

டிஹியூமிடிஃபையர் எப்படி வேலை செய்யுது? நாள் முழுக்க ஓடியும் பெட்டில சொல்லியிருக்கிற அளவு தண்ணி வரலையே, ரிப்பேரா?

குளிர்விக்கும் வகை, உறிஞ்சும் வகை என்று இரண்டு உண்டு. முதலாவது அறைக் காற்றை இழுத்துக் குளிர்ந்த குழாய்ச்சுருளின் மேல் ஓடவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல அதில் ஈரம் சொட்டுச் சொட்டாகப் படியும். அதை டியூப் வழியாகச் சாக்கடைக்கு விட்டுவிடுவோம். இரண்டாவதில் சிலிக்கா ஜெல் பூசிய சக்கரம் ஒன்று மெதுவாகச் சுழன்று ஈரத்தை உறிஞ்சும். சூடான காற்று அதை வெளியே கொண்டுபோகும். குளிர்ப் பிரதேச வீடுகளிலும், கான்கிரீட், கெட்டி மரம் போன்றவற்றில் ஆழமாக இறங்கிய ஈரத்துக்கும் இரண்டாவதுதான் நல்லது.

பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதத்தில் அளந்தது. அறை காய்ந்துகொண்டே வரும்போது எடுப்பதற்குத் தண்ணீர் குறையத்தானே செய்யும்? முதல் நாளைவிட மூன்றாம் நாள் குறைவாக வந்தால் அது நல்ல செய்தி. முதல் நாளிலிருந்தே வரவில்லை என்றால்தான் ஃபில்டரையும், எங்காவது ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வைக்கணுமா, மூடணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம், இரண்டுமே சில நேரம் சரி. பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பதை. மழை விட்ட சாயங்காலம், வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதம் என்று வையுங்கள்: கன மீட்டருக்கு 20 கிராமுக்குச் சற்று மேல். உள்ளே மெஷின் ஓடி 30 டிகிரி, 55 சதவீதம் என்றால் சுமார் 17 கிராம். ஜன்னலைத் திறந்தால் ஜில்லென்று காற்று வரும், இதமாகவும் இருக்கும், கூடவே தண்ணீரும் உள்ளே வரும்.

மெஷின் வருவதற்கு முன், கழுவும் நாட்களில், எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். நாற்றமும் போக வேண்டுமே. வெயிலடித்து வெளிக்காற்று நன்றாகக் காய்ந்திருந்தாலும் திறக்கலாம். டிஹியூமிடிஃபையர் ஓடத் தொடங்கிய பிறகு மட்டும் மூடி வையுங்கள். நாங்கள் வெளியேயும் உள்ளேயும் அளந்துதான் முடிவு செய்கிறோம். இதில் வாடிக்கை என்று எதுவும் கிடையாது.

டிஹியூமிடிஃபையருக்குப் பதிலா ஏசி போட்டா? இல்லேன்னா ரூம் ஹீட்டர்?

ஏசியும் ஈரத்தை எடுக்கும். ஆனால் அதன் வேலை குளிர்விப்பது. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும், ஈரம் எடுப்பதும் நின்றுவிடும். சுவரும் குளிர்ந்துபோவதால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர இன்னும் தயங்கும். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றால் டிரை மோடில் போடுங்கள். யூனிட் நனையவில்லை என்று எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்ன பிறகு.

ஹீட்டர் ஈரத்தைச் சுவரிலிருந்து கிளப்பும், வீட்டைவிட்டு வெளியேற்றாது. மூடிய அறையில் ஹீட்டரை மட்டும் போட்டு வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து. மிதமான சூடு, கூடவே டிஹியூமிடிஃபையர் என்றால் நல்ல பலன் உண்டு. மரத்தின் பக்கம் மட்டும் சூட்டைத் திருப்பாதீர்கள். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து வளைந்துவிடும், விரிசலும் விடும்.

எதை வச்சுக்கலாம், எதைத் தூக்கிப் போடணும்? எல்லாமே காசு கொடுத்து வாங்கினது.

எதைத் தூக்கிப் போடுவதானாலும் முதலில் போட்டோ எடுங்கள், பட்டியல் எழுதுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்த மூன்று வகைக் கணக்கு. மூன்றாம் வகைத் தண்ணீரில் ஊறிய மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா, கார்ப்பெட்டின் அடி விரிப்பு எல்லாம் போக வேண்டியதுதான். காய வைக்க முடியாது என்பதல்ல. உள்ளே கழுவ முடியாது. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் உப்பிவிட்டால் எந்தத் தண்ணீராக இருந்தாலும் மறுபடி பழைய வடிவத்துக்கு வராது.

ஜிப்சம் போர்டு சுவராக இருந்தால் தண்ணீர்க் கறைக்கு மேலே குறைந்தது 30 செ.மீ. வரை நேர்கோடாக வெட்டி எடுப்போம். உள்ளே வைத்த பஞ்சு இன்சுலேஷனும் அதோடு போகும். பார்க்கக் கொடூரமாக இருக்கும். ஆனால் உள்ளிருக்கும் சட்டங்கள் காய வேறு வழி கிடையாது. செங்கல் சுவரை வெட்ட வேண்டியதில்லை, பூச்சு உப்பித் தட்டினால் பொக்கென்று சத்தம் வரும் இடத்தை மட்டும் கொத்துவோம். முழு மரச் சாமான், இரும்பு, கண்ணாடி, பீங்கான், துவைக்கக்கூடிய துணி எல்லாவற்றையும் பெரும்பாலும் மீட்கலாம். மரத்தை நிழலில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி, தரையிலிருந்து தூக்கி வைத்துக் காய விடுங்கள். மரம் வீங்கித் திறக்காத டிராயரை இழுத்து உடைக்காதீர்கள், காய்ந்தால் தானே வரும். நனைந்த சுவிட்ச், எம்.சி.பி. எல்லாம் காய்ந்தாலும் நம்ப வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினைச் செக் பண்ணாமல் பிளக்கில் சொருகாதீர்கள்.

பத்திரம், சர்ட்டிஃபிகேட், பழைய போட்டோ எல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிச்சே?

பிரிக்காதீர்கள். சேறு இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெல்ல அலசி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்துவிட்டால் பூஞ்சணமும் வளராது, மையும் மேற்கொண்டு ஊறாது. யோசிக்க நேரம் கிடைக்கும். 1972இல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் வெள்ளம் புகுந்தபோது நூலகப் புத்தகங்களை இப்படி உறைய வைத்துத்தான் காப்பாற்றினார்கள். பிறகு வெற்றிட அறையில் வைத்து, பனிக்கட்டி உருகாமல் நேராக ஆவியாகும்படி உலர்த்தும் நிபுணர்களிடம் கொடுக்கலாம். போட்டோக்களையும் இப்படி உறைய வைக்கலாம், கண்ணாடித் தகட்டில் எடுத்த பழங்காலப் படங்களை மட்டும் வைக்கக் கூடாது.

பிளீச்சிங் போட்டாச்சு, பூஞ்சணம் எல்லாம் செத்துடும்ல?

டைல்ஸ், பீங்கான்போலத் தண்ணீர் குடிக்காத பரப்பில், முதலில் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் பிளீச் வேலை செய்யும். அழுக்கின் மேல் ஊற்றினால் அழுக்கோடு மல்லுக்கட்டியே அதன் வீரியம் போய்விடும். மரத்திலும் பூச்சிலும் அது ஆழத்துக்கு இறங்குவதில்லை; நிறம் போய்ச் சுத்தமானதுபோலத் தெரியும், வேர் உள்ளே இருக்கும். செத்த பூஞ்சணமும் அலர்ஜி தரும் என்பதால் தேய்த்து அகற்றுவதுதான் முக்கியம், கொல்வதல்ல. ஏற்கெனவே பரவலாகப் பூத்துவிட்ட அறையில் ஃபேன் போடாதீர்கள். அந்த அறையை பாலிதீன் தாள் கட்டிப் பிரித்து, நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாகக் காற்றை உறிஞ்சி வெளியே விட்டபடிதான் சுத்தம் செய்வோம்.

அமோனியா கலந்த கிளீனரையும் டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சோடு சேர்க்கவே கூடாது. விஷ வாயு வரும்.

எத்தனை நாள் ஆகும்? காய்ஞ்சுடுச்சுன்னு யார் முடிவு பண்றது?

சுத்தமான தண்ணீர் கொஞ்சம் சிந்திய அறை என்றால் மெஷின் போட்டு மூன்று முதல் ஐந்து நாள். செங்கல், கனமான பூச்சு, கான்கிரீட், கெட்டி மரத் தரை என்றால் வாரக்கணக்கு, சில சமயம் அதற்கும் மேல்.

முடிவு பண்ணுவது ஈரத்தை அளக்கும் மீட்டர். அதே வீட்டில் நனையாத மாடிச் சுவரையும் மாடிக் கதவு நிலையையும் முதலில் அளந்து எழுதிக்கொள்வோம். நனைந்த இடம் அந்த அளவுக்குப் பக்கத்தில் வந்தால்தான் காய்ந்ததாகக் கணக்கு. தினமும் அதே புள்ளிகளில் அளந்து தாளில் குறிப்போம். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தாளே இல்லை, “கை வச்சுப் பார்த்தேன், காஞ்சிருக்கு” என்று சொல்லி மெஷினை எடுத்துப் போகிறவரை நான் நம்ப மாட்டேன்.

மீட்டர் தப்பாக் காட்டாதா?

காட்டும். ஊசி வைத்துக் குத்தும் மீட்டர் மரத்துக்காகச் செய்தது, ஈரம் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்க்கிறது. சுவரில் உப்பு இருந்தால் ஈரம் குறைந்த பிறகும் அதிகமாகவே காட்டும். கடல் தண்ணீர் புகுந்த வீடுகளில் இது பெரிய தலைவலி. குத்தாமல் மேலே வைத்துப் பார்க்கும் மீட்டர், பூச்சுக்குள் கம்பி வலை இருந்தால் ஏமாறும். வெப்பக் கேமரா ஈரத்தைப் பார்ப்பதே இல்லை, குளிர்ச்சியைத்தான் பார்க்கிறது. ஈரம் ஆவியாகும் இடம் குளிர்ந்து நீலமாகத் தெரியும், ஏசி காற்றுப் படும் இடமும் அப்படியேதான் தெரியும். அதனால் கேமரா காட்டிய இடத்தை மீட்டரால் சரிபார்ப்போம். கான்கிரீட் தரை என்றால் துளை போட்டு, உள்ளே சென்சார் வைத்து அளப்பதுதான் நம்பகமானது.

பெயிண்ட் எப்ப அடிக்கலாம்? சுவர்ல வெள்ளையா மாவு மாதிரி வேற பூக்குது.

அந்த வெள்ளை, செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பு. தண்ணீரில் கரைந்து மேலே வந்து, தண்ணீர் ஆவியானதும் தங்கிவிடுகிறது. சுவர் உள்ளிருந்து காய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள். தேய்த்த பிறகும் மறுபடி பூக்கிறது என்றால் பெயிண்டுக்கு நேரம் வரவில்லை. மீட்டர் சரி என்று காட்டி, உப்பும் நின்ற பிறகு, ஈரத்தை வெளியே விடும் பெயிண்டாகப் பார்த்து அடியுங்கள். ஆயில் பெயிண்ட் அடித்தால் மிச்ச ஈரம் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கொப்புளமாக வரும்.

எல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு. காலையில கதவைத் திறந்தா ஒரு மக்கிப்போன வாசனை வருதே?

எங்கோ ஈரம் மிச்சம் இருக்கிறது. ரூம் ஸ்பிரே அடித்து மறைக்காதீர்கள், அந்த வாசனைதான் உங்களுக்கு வழி காட்டப்போகிறது. ஒவ்வொரு அறையையும் ராத்திரி மூடி வைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். எந்த அறை என்று தெரிந்துவிடும். அங்கே கதவு நிலையின் அடிப்பாகம், சமையலறைக் கப்போர்டின் பின்பலகை, ஸ்கர்ட்டிங், தட்டினால் பொக்கென்று கேட்கும் டைல்ஸ் எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேயும் ஈரம் பிடிபடவில்லை என்றால் தரைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாயைச் சோதிக்க வேண்டும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள், எங்களை அல்ல.